ஆர்லனுக்கு ஏற்ற மவுண்ட்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் எல்க் மான் வேட்டை தொடங்க ஒரு வாரமே இருந்தது. ஊருக்குப் புதிதாக வந்து துப்பாக்கிக் கடை போட்டிருந்த ராய்ஸுக்கு, எதிரே நின்ற தம்பதி கேட்டது புரியவே இல்லை.

“இவர் துப்பாக்கிக்குக் குறிபார்க்கிற ஸ்கோப் மாட்டணும். அதைத் தாங்குற மவுண்ட் இன்னும் உயரமா வேணும். வலப்பக்கம் நல்லா தள்ளி இருக்கணும்,” என்றாள் வெர்னா.

“இதுக்கு மேல தூக்கினா இவர் கண்ணுக்கு ஸ்கோப்பே எட்டாதும்மா! சுடப்போறது இவர்தானே?”

“நானேதான்,” என்று சிரித்தார் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அவள் கணவர் ஆர்லன்.

குழப்பத்தோடு கடையிலேயே உயரமான மவுண்ட்டைத் திருகி முடித்து, காலித் துப்பாக்கியை நீட்டினான் ராய்ஸ். ஆர்லனின் கை காற்றில் துழாவியது. வெர்னா அதைப் பிடித்துத் துப்பாக்கியின் மேல் வைத்தாள்.

அவர் அதைத் தோளில் பொருத்திக்கொள்ள, அவள் பின்னால் நின்று, அவர் தோளுக்கு மேலாக ஸ்கோப்பில் பார்த்தாள்.

“கொஞ்சம் இடது... போதும். அழுத்துங்க!”

‘டிக்’ என்றது.

ராய்ஸ் அந்தக் கறுப்புக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான்.

“போன குளிர்காலத்துல ரெண்டு கண்ணும் போச்சு, தம்பி. இனிமே வேட்டையே இல்லைன்னு மூலையில உட்கார்ந்துட்டேன். இவதான் விடல,” என்றார் ஆர்லன். “எங்க பார்க்கணும்னு முப்பது வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கா. இப்பதான் கேக்கறேன்!”