திரைக்கு அந்தப் பக்கம்

"இதெல்லாம் டாக்டருக்குப் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போகுது?"

கையைக் கழுவிக்கொண்டே நர்ஸிடம் அலுத்துக்கொண்டார் சர்ஜன். 'இது' என்றது வேறு யாரையுமில்லை, அவருடைய தங்கை மகளைத்தான்.

பள்ளிக்கூடப் படிப்பு முடிந்ததிலிருந்து டாக்டர் ஆகணும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "ஒரு வாரம் உன்கூடவே சுத்தட்டும் அண்ணா. தேறுவான்னு நீ சொன்னா படிக்கவைக்கறேன். இல்லேன்னா வேற ஏதாவது பார்த்துக்கட்டும்" என்று தங்கை அனுப்பிவைத்திருந்தாள்.

வந்த நாளிலிருந்து சர்ஜனுக்கு ரத்தக் கொதிப்புதான். வார்டுக்குக் கூட்டிப்போய்த் தையலைப் பார் என்றால், "ராத்திரி தூங்கினீங்களா தாத்தா?" என்று நோயாளியிடம் கதை பேசிக்கொண்டு நிற்பாள்.

"ஏய், வியாதியைப் பாரு. மூஞ்சியைப் பார்த்து என்ன ஆகப்போகுது?"

"சரி மாமா" என்பாள். அடுத்த கட்டிலில் மறுபடியும் அதே கதைதான்.

இன்று பேக்கரிக்காரர் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆள் நல்ல கனம். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். சர்ஜன் பக்கமிருந்து பார்த்தால் வயிறு மட்டும்தான்.

முதல் வெட்டுக்கு அவள் அசையாமல் நின்றாள். பரவாயில்லையே என்று சர்ஜனுக்கே ஆச்சரியம்.

"அடேயப்பா! தோண்டத் தோண்டக் கொழுப்பா வருதே! கடையில வித்ததைவிட ஐயா தின்னதுதான் ஜாஸ்தி போலிருக்கு!"

நர்ஸ் களுக்கென்று சிரித்தாள். மயக்க மருந்து டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"என்ன, தலை சுத்துதா?"

சர்ஜன் திரைப் பக்கம் தலையை நிமிர்த்தினார்.

"ரத்தம்னா பயமா?"

"ஆமா மாமா."

குனிந்திருந்த தலையில் தொப்பி மட்டும் தெரிந்தது.

"போச்சுடா! இந்த லட்சணத்துல டாக்டராம்!" சர்ஜன் மறுபடி வேலையில் இறங்கினார். "யாராவது டார்ச் லைட் கொண்டாங்கப்பா, இந்தப் பானைக்குள்ள குடல் எங்க இருக்குன்னு தேடணும்!"

மறுபடி ஒரே சிரிப்பு.

"ஏய், இப்பவாவது வந்து பாரேன்!"

"வேணாம் மாமா. நான் இங்கேயே இருக்கேன்."

தையல் போட்டு முடிக்கிற வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவேயில்லை.

தன் அறைக்கு வந்ததும், அவளை எதிரில் நிற்கவைத்துக்கொண்டே தங்கைக்குப் போன் போட்டார்.

"உன் பொண்ணுக்கு டாக்டர் படிப்பெல்லாம் சரிப்பட்டு வராதும்மா. சுத்தப் பயந்தாங்கொள்ளி. துணிக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டா!"

"சின்ன வயசிலேருந்து ஆசைப்பட்டாளே அண்ணா..."

"ஆசை இருந்தா ஆச்சா? தைரியம் வேணாமா?"

அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் சர்ஜன் வார்டைச் சுற்றி வந்தார்.

"என்ன பேக்கரிக்காரரே, ஆபரேஷன்ல வலி ஏதாவது தெரிஞ்சுதா?"

"வலியே தெரியல டாக்டர்." பேக்கரிக்காரர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அந்தச் சின்ன டாக்டரம்மா வரலையா?"

"டாக்டரம்மாவா? அது என் தங்கச்சி பொண்ணு, சும்மா வேடிக்கை பார்க்க வந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் பயந்துபோய் உங்க தலைமாட்டுல வந்து ஒளிஞ்சுக்கிச்சு."

"பயந்த மாதிரி தெரியலையே டாக்டர்." பேக்கரிக்காரர் போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். "ஊசி இடுப்புக்குக் கீழேதான் வேலை செஞ்சுது. நீங்க என் கொழுப்பைப் பத்தி ஆரம்பிச்சதுமே ஓடி வந்து, கடைசி வரைக்கும் என் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு நின்னது அந்தப் பொண்ணுதானே?"