தில்லைநாதன் ஞாபகார்த்தக் கிண்ணம்

"ஆதரிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றார் தலைவர் ஜெகதீஸ்வரன்.

சுவிஸின் அட்லிஸ்வில் ஊர் மண்டபத்தில் கைகள் மளமளவென்று எழுந்தன. கடைசி வரிசையில் இரவீந்திரன் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

அடுத்த கேள்விக்காகத்தான் அவர் சூக் நகரத்திலிருந்து ரயிலேறி வந்திருந்தார். எதிர்க்கிறவர்கள் உண்டா என்று கேட்பார்கள். சுவிஸில் சங்கம் வைத்தால் அதைக் கேட்டே ஆகவேண்டும். ஒரு கையாவது எழுந்தால், 'ஏகமனதாக' என்று எழுதி ஊருக்கு அனுப்ப முடியாது.

விஷயம் இதுதான். பழைய மாணவர் சங்கம் கோடையில் நடத்தும் உதைபந்தாட்டப் போட்டியின் கிண்ணத்துக்கு, போன மாதம் யாழ்ப்பாணத்தில் காலமான தில்லைநாதன் மாஸ்டரின் பெயரை வைக்கப் போகிறார்கள். மாஸ்டர் பழக்கிய கல்லூரி அணி ஐந்து வருஷம் தோற்கவே இல்லை. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

எப்படி முறியடிப்பது? அந்த ஐந்தில் கடைசி வருஷங்கள் பிள்ளைபிடிக் காலம். வீதியில் கண்ட பொடியன்களைத் சண்டையில் துவக்குத் தூக்க வைப்பதற்கென்று வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றக் கல்லூரிகளின் நல்ல ஆட்டக்காரர்கள் வீட்டு அறைக்குள் ஒளிந்து கிடந்தார்கள்.

மாஸ்டரின் பொடியன்கள் மட்டும் பூட்ஸைத் தோளில் கொழுவிக்கொண்டு நடுறோட்டால் போய் வந்தார்கள். ஒரு வானும் மறிக்கவில்லை.

அதுதான் இரவீந்திரனின் சந்தேகம். மாஸ்டரோடு ஒரு பேச்சும் இல்லாமல் சும்மா விடுவார்களா?

சும்மா விடவில்லை. கடைசி இறுதியாட்டம் முடிந்த கையோடு மைதான வாசலில் வான் வந்து நின்றது. வென்ற அணியை வியர்வை காய முன்னமே அள்ளிக்கொண்டு போனது. போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை.

மாஸ்டர்தான் கொடுத்தார் என்று சிலர். பாவம், அந்த மனுசன் என்ன செய்வது என்று சிலர். இரவீந்திரன் முதல் கட்சி. அவரிடம் காரணமும் இருந்தது. இடைவேளையிலேயே மாஸ்டர், மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரையும் வீட்டுக்குக் கலைத்துவிட்டார். வான் வருவது தெரியாத ஆள் எதற்காகக் கலைக்க வேண்டும்?

பெஞ்சில் இருந்தவர்களில் இரவீந்திரனும் ஒருவர்.

அதனால்தான் அவர் வாய் திறந்தாலே, "அண்ணைக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறேல்லை" என்று சிரிப்பார்கள். ஆறத்தான் இல்லை. அந்த வருஷம் அணியில் அதிக கோல் அடித்தவர் அவர். இறுதியாட்டத்துக்கு முதல்நாள் இரவு வரைக்கும் இறங்குகிறவர்களில் பெயர் இருந்தது, விடிய இல்லை. அழுதுகொண்டு வீட்டுக்குப் போனபோது அப்பா பேப்பரிலிருந்து தலை நிமிர்த்தாமல், "விளையாட்டுத்தானே, விடு" என்றார். தன்னை ஏன் கழித்தார்கள் என்பது மட்டும் இத்தனை வருஷமாகியும் இரவீந்திரனுக்குப் பிடிபடவில்லை.

அவருடைய இடத்தில் அன்று இறங்கியவன் தவச்செல்வன். திரும்பி வரவில்லை.

தவச்செல்வனின் தங்கை சந்திரமதிதான் இப்போது பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அவளுடைய புருஷன் சங்க உறுப்பினர், அவளுக்கு வாக்கில்லை. இரவீந்திரன் வேண்டுமென்றே அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். தன் கை அவளுக்காகவும் எழும்பும் என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

முன்னால் ஜெகதீஸ்வரன் விரல் நீட்டி ஒவ்வொரு கையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

சந்திரமதி அவர் பக்கம் சாய்ந்தாள்.

"நீங்களும் தூக்குங்கோ அண்ணை."

"உன்ர கொண்ணனுக்காகத்தான் பிள்ளை நான் தூக்கேல்லை."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு முன்னால் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"மாஸ்டர் வீட்டுக்குப் பக்கத்து வீடு நாங்கள். முதல்நாள் இரவு உங்கட அப்பா வந்தவர். ஜெகதீஸ்வரன் அண்ணையின்ர அப்பாவும் வந்தவர். இன்னும் கொஞ்சப் பேர். வாசல் படலையில நிண்டு, தங்கட பிள்ளையை மட்டும் ஆட்டத்தில இறக்க வேண்டாமெண்டு கெஞ்சினவை. நான் வேலிக்கு இஞ்சால நிண்டனான். என்னத்துக்கெண்டு அப்ப எனக்கு விளங்கேல்லை."

இரவீந்திரன் முன்னால் நின்ற ஜெகதீஸ்வரனைப் பார்த்தார்.

"எங்கட அம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. மகனைச் சேர்த்த சந்தோசத்தில விடிய ஒரு கதலி வாழைக்குலை கொண்டுபோய் மாஸ்டருக்குக் குடுத்தவ. அவர் வாங்கினவர்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் இரவீந்திரன் தாங்கியிருப்பார்.

"உங்களுக்கு அவர் ஒரு குறையும் வைக்கேல்லை" என்றாள்.

அவர் மண்டபத்தைப் பார்த்தார். அந்த வருஷத்து அணியிலிருந்து அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பெஞ்சில் அவரோடு இருந்தவர்கள். எல்லாருடைய கையும் மேலே இருந்தது. தன்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்குமோ?

அப்பாவுக்கு அன்றிரவே தெரியும். தவச்செல்வன் வீட்டுப் படலையைத் தாண்டித்தான் அப்பா மாஸ்டர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அதே வழியால்தான் திரும்பியும் வந்திருக்க வேண்டும்.

"கையை இறக்கலாம்" என்றார் ஜெகதீஸ்வரன். "எதிர்க்கிற ஆக்கள்?"

கேட்டபோது அவர் இரவீந்திரனைப் பார்க்கவில்லை. சந்திரமதியைப் பார்த்தார்.

வாக்கில்லாத சந்திரமதி, மடியிலிருந்த கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இரவீந்திரன் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். அதற்கு மேல் அவை எழும்பவில்லை.