பொட்டு வைத்த கேமரா

“எங்கப்பா எப்பப் பாத்தாலும் ஒரே பச்சை செவுத்து முன்னாடியே உக்காந்திருக்காரு. துபாய்ல வேற செவுரே இல்லையா அங்கிள்?”

ஏழு வயது வைஷ்ணவியின் கேள்விக்கு, ஆஸ்டின் டவுனில் செல்போன் பழுது பார்க்கும் பெர்னார்ட் சிரித்தார். அவளுடைய அம்மா விஜி சிரிக்கவில்லை. முந்தானையில் சுற்றி வைத்திருந்த டேப்லெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“அவரு எங்களுக்கு நல்லா தெரியறாரு அண்ணா. நாங்கதான் அவருக்குத் தெரியல. ஒரே செவப்பு மூட்டமா இருக்காம். போன தடவ பாப்பா முகத்தப் பாக்காமலே முடிஞ்சுபோச்சு.”

“முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு. அப்பாவுக்குக் காட்டணும்,” என்று வைஷ்ணவி வாயைத் திறந்து காட்டினாள்.

பெர்னார்ட் டேப்லெட்டை அணைத்து மறுபடி எழுப்பினார். கேமராவுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்த்தார், கொடுத்திருந்தது. பின்பக்கக் கேமராவுக்கு மாற்றினால், சுவரில் இருந்த வேளாங்கண்ணி மாதா பளிச்சென்று தெரிந்தாள். முன்பக்கம் மட்டும் மூட்டம்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்தார். “பாப்பா, இதுக்குப் பொட்டு வச்சியா?”

“ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் வச்சேன். காஸ் அடுப்பு, மிக்சி, அம்மாவோட தையல் மெஷின். இதுக்கு நெத்தி எங்கன்னு தெரியல. மேல நடுவுல சின்னதா ஒரு வட்டம் இருந்துச்சு, அங்க வச்சேன்.”

“நெத்தின்னு நெனச்சு கண்ணுல வச்சுட்ட.”

“நான் அன்னிக்கே தொடச்சுட்டேனே அண்ணா,” என்றாள் விஜி.

“மேலதானே தொடச்சீங்க. இந்த ஓரத்துல கண்ணாடி விட்டிருக்கு பாருங்க. சந்தனமும் குங்குமமும் அது வழியா உள்ள எறங்கிடுச்சு. சூடு காட்டிப் பிரிக்கணும். நாளைக்கு வந்து வாங்கிக்கோங்கம்மா.”

“நாலு மணிக்கு அவர்கூட பேசணும் அண்ணா. என்கிட்ட இருக்கறது பட்டன் போனு.”

“துபாய் எங்க ஓடிடப்போகுது? நாளைக்குப் பேசுங்க.”

விஜியின் முகம் வாடிவிட்டது. “பக்கத்துக் கடையில மீன் தொட்டி இருக்கு, போய்ப் பாரு கண்ணு,” என்று மகளை அனுப்பினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“துபாய் இல்லண்ணா. ஜெயிலு. இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான் பேச விடுவாங்க.”

பெர்னார்ட் டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தார். காத்திருந்த வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணாடியின் ஓரத்தில் சூடு காட்டத் தொடங்கினார். பாரத்தை இறக்கி வைக்க ஒரு மேசை கிடைத்தால் போதும், மனிதர்கள் பேசிவிடுவார்கள்.

“லாரி ஓட்டுனாரு. மூணு வருஷத்துக்கு முன்னாடி, கிறிஸ்மஸுக்கு மொத நாளு, ஓசூர் ரோட்டுல கண்ணசந்துட்டாரு. தப்பு அவரோடதுதான், இல்லைன்னு சொல்லல. பைக்குல வந்த ஒரு காலேஜ் பையன் மேல ஏத்திட்டாரு. ரோட்டுல ஆளே இல்லையாம். ஓடியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எங்கண்ணன்கூட அதச் சொல்லித்தான் இன்னமும் திட்டுவான். இவரு எறங்கி, வந்த ஆட்டோவ நிறுத்தி, அந்தப் பையன மடியில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. வழியிலேயே உயிர் போயிடுச்சு.”

பெர்னார்டின் கையிலிருந்த இடுக்கி நழுவி விழுந்தது. குனிந்து மேசைக்கடியில் தேடினார். அங்கிருந்தபடியே கேட்டார்.

“அந்தப் பையன் ஏதாவது பேசுனானா?”

“டாடி, டாடின்னு தேடுனானாம். கண்ணு தெரியல போல. இவரு கையப் புடிச்சுக்கிட்டு, ‘இங்கதான்டா இருக்கேன் ராஜா’ன்னாராம். அப்புறம்தான் அடங்குனானாம். கேசுக்கு அந்த வீட்டுலேருந்து யாரும் வரல. வந்திருந்தா கால்ல விழுந்து அழுதிருப்பாரு.”

இடுக்கியை எடுத்துக்கொண்டு நிமிர பெர்னார்டுக்குச் சற்று நேரம் பிடித்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் லென்ஸைத் துடைத்தார். ஒரு தடவை துடைத்தாலே போதும். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

திரையில் விஜியின் முகம் தெளிவாக வந்தபோது மணி நாலை நெருங்கியிருந்தது.

“வீட்டுக்குப் போக நேரமில்ல. இங்கயே பேசுங்க, வைஃபை இருக்கு. பசை இன்னும் காயல, ஓரத்த மட்டும் ஸ்வல்ப மெதுவா புடிச்சுக்கோங்க.”

“உங்க வேல கெடுமேண்ணா.”

“கெடட்டும்மா.”

மீன் பார்த்துவிட்டு ஓடிவந்த வைஷ்ணவியைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நடைபாதைக்கு வந்து நின்றார்.

உள்ளே ஒரு ஆண் குரல் கேட்டது. “பல்லு ரெண்டும் எங்க போச்சு குட்டி? யாருக்குக் குடுத்த?” குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் குரலும் சிரித்தது. சிரிப்பு பாதியில் அழுகையாகி, பிறகு மெல்லத் தேறியது.

பெர்னார்ட் அந்தக் குரலைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, வீட்டில் இருக்கும் மனைவிக்குப் போன் செய்தார். 

“என்னங்க, என்னாச்சு?” என்றாள் அவள்.

“மௌரீன், நம்ம பையன் தனியா போகல.”