ஒரே ஷட்டர்

"இவ்வளவு வண்டி நிக்குது, வெளியேற ஒரே ஷட்டர்! தீப்பிடிச்சா உள்ளே கடைக்கோடியில வேலை செய்யற ஆள் எப்படித் தப்பிப்பான்? கராஜை மூடித்தான் ஆகணும்," என்றார் தீயணைப்பு அதிகாரி.

மெக்கானிக்கின் மனைவி ஓடிவந்து கும்பிட்டாள். "வேண்டாம் சார்! இவர் வேலையை நம்பித்தான் எங்க குடும்பமே ஓடுது!"

அவள் அழுகைக்கு யாரும் இரங்கவில்லை. கராஜுக்கு சீல் வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த மெக்கானிக் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "எவனோ புகார் கொடுத்திருக்கான். அவன் நாசமாப் போக!"

அவள் சமையலறைக்குள் போனாள். அங்கே அவள் போன் அடித்தது.

"அதிகாரி பேசுறேம்மா. புகார் கொடுத்தது நீங்கதான்னு யாருக்கும் தெரியாது, பயப்படாதீங்க. ஆனா அப்படி அழுதீங்களே, நடிப்பா?"

"இல்ல சார், நிஜமாத்தான் அழுதேன்," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "நாளைக்குச் சோத்துக்கு என்ன பண்றதுன்னு தெரியல. ஆனா, எங்ககூடப் பட்டினி கிடக்கவாவது அவர் உயிரோட இருப்பாரில்ல?"