துரை சொல்லாத வார்த்தை

மூணாறு தேயிலை ஃபேக்டரியில், ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்த தேநீர்க் கோப்பைகளைத் துரை ருசி பார்க்க ஒவ்வொன்றாக உறிஞ்சித் தொட்டியில் துப்பிக்கொண்டே வருகிறார். இலை உலர்த்தும் அடுப்பைப் பார்க்கும் அழகுமலை கதவோரம் மூச்சடக்கி நிற்கிறான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மூன்றே வார்த்தை: ஹாரிபிள், ஷாக்கிங், டிஸ்கஸ்டிங். மூன்றும் இந்த மேசையருகே காதில் விழுந்த திட்டு. மூன்றாவதைக் கேட்ட மறுநாளே அவனுக்கு முன்பிருந்த அடுப்புக்காரன் மூட்டை கட்டி மலையிறங்கிவிட்டான். கடைசிக் கோப்பை அழகுமலை உலர்த்திய தூள். துரையின் கன்னம் உப்புகிறது. தொட்டிப் பக்கம் அவர் குனியவில்லை. விழுங்கிவிட்டு அதே கோப்பையை மறுபடியும் எடுக்கிறார். “என்னண்ணே சொன்னாரு?” பக்கத்தில் நிற்கும் கிளார்க் பெரியமுத்துவின் காதோரம் அழகுமலை கேட்கிறான். “ஒண்ணுமே சொல்லலடா.” அழகுமலைக்குச் சிரிப்பு முட்டுகிறது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புக்கு விறகு தள்ள ஓடுகிறான்.