கேசரிக்கு முன்னால் ஒரு குத்து

“விரலை நீட்டுங்க சம்பந்தி. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

ஜோதிலட்சுமி ஊசிப் பேனாவை எடுத்ததும் கோபாலகிருஷ்ணன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர்கள் இன்னும் கேசரியைக்கூடத் தொடவில்லை.

பிள்ளை ஹரிகிருஷ்ணனோடு செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த அந்த அம்மாள், ஏதோ ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகத்தைத் திறக்கவே இல்லை. கைப்பையைத் திறந்து, சர்க்கரை பார்க்கும் மெஷினை டீப்பாய் மேல் வைத்துவிட்டார்.

“ஜாதகத்துல இன்னா கீது? சுகர் இருக்கிற வூட்ல நான் சம்பந்தம் வெச்சுக்க மாட்டேன். அது வம்சத்துக்கே வரும்.”

கோபாலகிருஷ்ணனுக்கு ஏ.சி.யிலும் வியர்த்தது. கல்பாக்கத்தில் வேலை பார்த்த காலத்திலேயே வந்த சர்க்கரை அது. அவர்கள் குடியிருந்த கேளம்பாக்கத்து அடுக்ககத்தில் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். வந்தவர்களுக்கு மட்டும் தெரியக் கூடாதென்று, மனைவி சியாமளா காலையில்தான் மாத்திரைகளை அரிசி டின்னுக்குள் புதைத்திருந்தாள்.

மகள் கவியாவுக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. இந்தப் பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. ஒரு வாரமாக லிஃப்டில்கூட அவன் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டு போனாள்.

“பெரியவங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?” என்று கோபாலகிருஷ்ணன் இழுத்தார்.

“ஞாயம்னா ஞாயம். நம்பிக்கை இல்லன்னா மொதல்ல எம்புள்ளைக்கே பாக்குறேன். டேய், ஸ்ட்ரிப் டப்பாவ எடு.”

ரத்தத்தைத் தொட்டு மெஷினில் செருகும் பட்டைகள் கைப்பையில் இரண்டு டப்பாக்களில் இருந்தன. ஹரிகிருஷ்ணன் பிரிக்காத டப்பாவில் கை வைக்க, அந்தக் கையிலேயே ஒரு தட்டு விழுந்தது.

“அத வையிடா! பழசு தீரட்டும்.”

நர்ஸம்மா காசையும் இப்படித்தான் பிடித்துப் பிடித்துச் செலவழிப்பார் போலும் என்று சியாமளா மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

பையனுக்கு 104. மெஷினைக் கற்பூரத் தட்டு மாதிரி எல்லோர் முகத்துக்கு நேராகவும் ஒரு சுற்று காட்டினார் ஜோதிலட்சுமி. கவியாவுக்கு 102. சியாமளாவுக்கு 107.

அடுத்தது கோபாலகிருஷ்ணன். அதற்குள் கவியா சும்மா இராமல் அந்தப் பழைய டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் தேதி இருந்தது. முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“ஆன்ட்டி, இதுல எக்ஸ்பைரி...”

எட்டிப் பார்த்த கோபாலகிருஷ்ணன், மகளின் காலை நறுக்கென்று மிதித்தார்.

“எக்ஸ்பைரியே ஆகாத சம்பந்தமா அமையணும்னு சொல்றா. கொழந்த மனசு பாருங்க!” என்றவர், பத்து விரல்களையும் நீட்டினார். “எது வேணுமோ எடுத்துக்குங்க சம்பந்தி.”

106.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. கேசரியில் இரண்டு தட்டு காலி. “இனிப்பு கம்மியா இருக்கே சியாமளா” என்று குறை வேறு. அன்றைக்கே தாம்பூலம் மாற்றி, தை மாதத்துக்குக் கல்யாணமும் பேசி முடித்துவிட்டார்கள்.

விருந்தாளிகள் லிஃப்டில் ஏறியதுதான் தாமதம், கோபாலகிருஷ்ணன் சோபாவில் சாய்ந்து தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“நர்ஸாம் நர்ஸ்! டப்பாவுல தேதி பாக்கத் தெரியல. பழைய ஸ்ட்ரிப்புல எல்லாருக்கும் நூத்துச் சொச்சமே வருதேன்னுகூடத் தோணல. எமகாதகின்னு நெனச்சேன், சுத்த ஏமாளி!”

“பாவம்ப்பா அவங்க” என்றாள் கவியா.

“என்ன பாவம்? நாமளா டப்பா கொண்டுவந்தோம்?”

“சிரிச்சது போதும்” என்று சியாமளா ஒரு பையை நீட்டினாள். “பூ, பழம் எல்லாத்தையும் விட்டுட்டுப் போறாங்க. ஓடிப்போய்க் குடுத்துட்டு வாங்க.”

படிகளில் இறங்கி மூச்சிரைக்க பார்க்கிங்குக்கு ஓடினார். கார் இன்னும் கிளம்பவில்லை. பின்பக்கமாகப் போய்க் கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கியவர், பாதி இறங்கியிருந்த ஜன்னல் வழியே வந்த ஜோதிலட்சுமியின் குரலைக் கேட்டு அப்படியே நின்றார்.

“அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சே, இன்னும் ஏன்டா நடுங்கற? இப்ப அந்தப் புது டப்பாவப் பிரி, உனக்கு நெஜமா எவ்ளோ கீதுன்னு பாத்துட்டு இன்சுலின் ஊசி போட்டுடுறேன்.”