கதவைப் பிடிக்க ஆள்

கண்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது கரித்தூள் படிந்த கிளினிக் ஜன்னல் நடுங்குகிறது. அதன் வழியே வரும் மங்கலான வெயில் அமுலுவின் அடிவயிற்றில் விழுகிறது. டாக்டரம்மா அழுத்திப் பார்க்கிறார். இடப்பக்கம் மலம் கல்லாக இறுகிக் கிடக்கிறது. “வந்தா உடனே போகாம அடக்குறீங்களா? எப்போலேர்ந்து?” என்கிறார். அமுலு சுவரைப் பார்த்தபடி சொல்கிறாள்: “பக்கத்து வூட்டு லூர்து செத்ததுலேர்ந்துமா. எங்க லைன் கக்கூசுல தாப்பா கெடயாது. நான் போனா அவ கதவ புடிச்சிக்கினு நிப்பா, அவ போனா நானு. இப்ப எனுக்கு யாரு கீறா?” நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்ல வந்த டாக்டரம்மா அதை விட்டு, அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நர்ஸிடம் எனிமா கொடுக்கச் சொல்கிறார்.

எனிமா கொடுத்த நர்ஸ் ஜானட், அமுலுவைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குள் விட்டு வெளியே வருகிறாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்கிறது. பிறகு குழாய் மட்டும் சொட்டுகிறது.

“கீறியா?” என்று உள்ளிருந்து மெல்லிய குரல் வருகிறது.

தாழிட்ட கதவின் மேல் ஜானட் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடிக்கிறாள்.

“கீறேன்கா. நீ போ.”